தட்டுக்கு அடியில் போன விஞ்ஞானப் பேப்பர்

லினக்ஸ் தெரியும் என்று நான் ஹட்டன் பக்கம் சொல்லித் திரிந்தது சுத்தப் பொய். அந்த மென்பொருளைக் கணினியில் ஏற்றும் சீடியை எந்தப் பக்கமாகப் போடுவது என்பது மட்டுமே தெரியும். அதுவும் இரண்டாவது தடவையில்தான் சரிவரும்.

அந்தத் தைரியத்தில்தான், இரண்டாயிரங்களின் கடைசியில், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையின் ஒரே கணினிக்கு நான் பொறுப்பாளனானேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த விஞ்ஞான டீச்சர் தன் வினாத்தாள்களை வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தார். மலையில் இடி முழங்கினால் லயத்து வீடுகளில் எல்லோரும் டீவி பிளக்கைப் பிடுங்குவோம். அவர் டிஸ்க்கையே பிடுங்கி, துவாயில் சுற்றி, குவாட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விடுவார்.

கணினி எழும்பும்போதே டிஸ்க் தானாக வந்து ‘வினாத்தாள்’ என்ற ஃபோல்டரில் உட்காரும்படி, எஃப்ஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தேன். டிஸ்க் இல்லாத காலைகளில் கணினி அதைத் தேடித் தேடி எழும்பாமலே கிடந்தது. அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்று ஒரு சொல் சேர்த்தேன். வராவிட்டால் போகட்டும், நீ எழும்பு என்று அர்த்தம். சமர்த்தாக எழும்பியது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் காலை டீச்சர் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச வாங்கோ. நேற்று முழுக்க இருந்து அடிச்ச பேப்பர் எங்க?”

“அதே ஃபோல்டர்லதான் இருக்குங்க டீச்சர்.”

“அதைத்தான் பாக்கிறன். போன வருசத் தாள்தான் கிடக்கு. நாளைக்குப் பிள்ளையளுக்கு அதையா குடுக்கிறது?”

குப்பைத் தொட்டியைக் கிளறினேன். கணினியை இரண்டு தடவை நிறுத்திப் போட்டேன். மவுஸைத் தட்டினேன்.

“மின்னல் தின்னிருக்குமுங்க.”

“மின்னல் என்ர பேப்பரை மட்டும் பாத்துத் தின்னுமோ?”

அப்போதுதான் பொறி தட்டியது. “நேத்து டிஸ்க்கைக் கொண்டு வந்தீங்களா?”

“மறந்திட்டன். சேவ் பண்ணேக்க கொம்பியூட்டர் ஒண்டும் சொல்லேல்லையே?”

எப்படிச் சொல்லும்? அதன் வாயை அடைத்தவனே நான்தான்! டிஸ்க் இல்லாத அன்று அந்த ஃபோல்டர் கணினிக்குள்ளேயே கிடக்கும் வெறும் தட்டு. டீச்சர் அதில் சோறு போட்டுவிட்டார். மறுநாள் டிஸ்க் வந்து, இன்னொரு தட்டாக அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. டிஸ்க்கைக் கழற்றினேன். அடியில் பேப்பர் முழுசாக இருந்தது. பிரதி எடுத்து டிஸ்க்கிலும் போட்டுக் கொடுத்தேன்.

“இனிப் பயமே இல்லைங்க டீச்சர். அடுத்த தவணைக்கும் இதுலயே அடிங்க.”

“நான் கையால கொப்பியில எழுதித் தாறன், நீங்களே அடியுங்கோ.”