துண்டு உயர்ந்தால் ஒரு தட்டு குறையும்

போன மாதம் சிரம்பான் பக்கம் பாரோயில் ஒரு ரொட்டிச் சானாய்க் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பையன் கைப்பேசியில் பாடகி குமுதாவின் பாட்டை வைத்தான். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் அதுதான். தமிழில் தொடங்குகிறது, மலாயில் வளைகிறது, நடுவில் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுப்பு, அப்புறம் உறுமி மாதிரி ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்புகிறது. இதையெல்லாம் கேட்டு அனுபவிக்கிற வயது எனக்கு எப்போதோ தாண்டிவிட்டது என்றுதான் இதுவரை காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன். பாட்டின் பாதியில் ஓர் இடம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த தாளம் சட்டென்று ஒரு தட்டை விழுங்கி, நொண்டி, பிறகு வேறொரு தாளமாக எழுந்து ஓடியது. என் வலது கை கோப்பையை விட்டுவிட்டு, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, மேசை மேல் ஆர்கன் கட்டையைத் தேடியது. தேநீர் முழுக்கச் சட்டையில்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சட்டையில் தேநீர்ப் பால் காய்ந்து ஒரு புளித்த வாடை கிளம்பிவிட்டது. ரப்பர்ப் பால் காய்ந்தாலும் ஏறக்குறைய இந்த வாடைதான், கொஞ்சம் இன்னும் மோசமாக இருக்கும். செல்லையாவின் கையில் எப்போதும் அது இருந்தது. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. அவன் பிடித்த டிரம் குச்சியிலும் அதே வாடைதான். காலையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுவான், சனிக்கிழமை சாயங்காலம் டிரம் அடிப்பான். நான் பக்கத்தில் ஆர்கன் வாசிப்பேன். அந்தச் செல்லையாவின் மகள்தான் குமுதா.

எங்கள் தோட்டம் புக்கிட் பெலண்டோக் தாண்டி, போர்டிக்சன் போகிற வழியில் உள்ளே நுழைந்தால் வரும். அதிகாரபூர்வமாக ஏதோ வெள்ளைக்காரப் பெயர். ஒன்பதாவது மைல்கல்லை ஒட்டி இருந்ததால் எங்களுக்கு ஒன்பதாம் கட்டைத் தோட்டம். நான் அங்கே ஆபீசில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணியாக வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் இசைக்குழுவுக்கு ‘ஒன்பதாம் கட்டை பாய்ஸ்’ என்று பெயர். பெரிய டிரம்மின் முகத்தில் சிவப்புச் சாயத்தில் எழுதியிருக்கும். எங்களில் பாதிப் பேருக்குத் தலையில் முடி இல்லை, ஆனாலும் பாய்ஸ். அந்தக் காலத்தில் எல்லாக் குழுவும் பாய்ஸ்தான்.

தே தாரிக்கில் குளித்த இரண்டு மூன்று நாளில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இணையப் பத்திரிகையாம்.

“அங்கிள், குமுதாவோட சவுண்ட் எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு ஆர்ட்டிகல் எழுதறேன்லா. அவங்க அம்மாதான் ஒங்க நம்பர் கொடுத்தாங்க. நீங்க அவங்கப்பா பேண்டுல இருந்தீங்களாமே?”

இருந்தேன் என்றேன். உடனே அவள் தான் கண்டுபிடித்து வைத்திருந்ததை எல்லாம் அடுக்கினாள். அடிப்படைத் தாளம் ஜமைக்கா. குரலை இழுக்கிற விதம் ஆப்பிரிக்கா. கைதட்டல் பஞ்சாப். நடுவில் தாளம் நொண்டுகிற அந்த இடம் இருக்கிறதே, அது ஏதோ தீவுக்கூட்டத்து மீனவர்களின் பாணியாம், படகில் அலை மோதும்போது வருகிற தடுமாற்றமாம். உலகப் படத்தையே என் முன்னால் விரித்துவிட்டாள். அதில் ஒன்பதாம் கட்டை மட்டும் இல்லை. எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. அவள் சொன்ன ஊர்களும் அந்தப் பாட்டில் இருக்கலாம், யார் கண்டது? ஆனால் அந்த நொண்டல் எந்த மீனவனுடையதும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அதைச் சொல்வதற்கு எங்கள் கல்யாண விருந்துகளைச் சொல்லியாக வேண்டும். காலையில் கோயிலில் தாலி கட்டினால் சாயங்காலம் தோட்டத்து மண்டபத்தில் டின்னர். டின்னர் என்றால் கோழிக் கறி, பீர், எங்கள் இசை, கடைசியில் அடிதடி. எங்கள் தோட்டத்து இளவட்டம் எல்லாம் ஒரு நடிகரின் பக்கம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அடுத்த நடிகரின் பக்கம். இவருடைய பாட்டை வாசித்தால் அவர்கள் முகம் சுருங்கும். அவருடைய பாட்டை வாசித்தால் இவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவார்கள். இரண்டு நடிகர்களும் சென்னையில் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. நாங்கள் பாட்டை நிறுத்தினாலோ கதை முடிந்தது. சத்தம் நின்ற அந்த நொடியில் எவனாவது எவனையாவது ஏதாவது சொல்லிவிடுவான், அது எல்லார் காதிலும் விழுந்துவிடும். அப்புறம் பீர்ப் போத்தல் பறக்கும். அதனால் பாட்டு நிற்கவே கூடாது என்பது எங்கள் முதல் விதி.

இரண்டாவது விதியைக் கண்டுபிடித்தவர், தோட்டத்து ஆட்களை மேய்க்கிற மண்டோர் வீராசாமி அண்ணன். கல்யாணம் யார் வீட்டில் நடந்தாலும் மண்டப வாசலில் நிற்பவர் அவர்தான். தோளில் எப்போதும் ‘குட்மார்னிங்’ என்று அச்சடித்த ஒரு வெள்ளைத் துண்டு. உள்ளே இரண்டு கூட்டமும் முறைக்க ஆரம்பித்தால் வாசலிலிருந்து அவருக்கு நன்றாகத் தெரியும். துண்டை எடுத்துத் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றுவார். அதைப் பார்த்ததும் நாங்கள் எந்தப் பாட்டில் இருந்தாலும், எந்த வரியில் இருந்தாலும், அப்படியே ஜோகெட் என்கிற மலாய் ஆட்டத் தாளத்துக்குத் தாவ வேண்டும்.

ஏன் ஜோகெட் என்று கேட்பீர்கள். எங்கள் கல்யாணங்களுக்குப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேசன் கோப்பரல் மனைவியோடு வருவார். மலாய்க்காரர், நல்ல மனிதர், பெரிய தொப்பை. தமிழ்ப் பாட்டு ஓடும் வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து நிலக்கடலை கொறிப்பார். ஜோகெட் தாளம் கேட்டால் மட்டும் இரண்டு பேரும் எழுந்து நடுவில் வந்துவிடுவார்கள். தொட்டுக்கொள்ளாமல், எதிரெதிரே, சிரித்துக்கொண்டே ஆடுவார்கள். அவரைப் பார்த்துப் பெண்கள் எழுவார்கள், பிள்ளைகள் எழுவார்கள். கோப்பரல் ஆடுகிற இடத்தில் எவன் கை ஓங்குவான்? முறைத்துக்கொண்டு நின்றவனும் வெட்கத்தோடு இடுப்பை ஆட்டிவிட்டுப் போய் உட்காருவான். கொஞ்சம் சூடு தணிந்ததும் மெதுவாக அடுத்த நடிகரின் பாட்டுக்கு நழுவிவிடுவோம். குமுதா எல்லா இசையையும் கலக்கிறாள் என்று இன்று எழுதுகிறார்கள். நாங்களும்தான் கலந்தோம், அடி வாங்காமல் வீடு போய்ச் சேருவதற்காக.

இதில் செல்லையாவுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. டிரம் மேடையின் பின்பக்கம். முன்னால் நாங்கள், எங்களுக்கு முன்னால் எழுந்து ஆடுகிற கூட்டம். உட்கார்ந்த இடத்திலிருந்து அவனுக்கு வாசல் தெரியாது. கூட்டத்தில் குரல் மாறினால் அவன் முக்காலியிலிருந்து பாதி எழுந்து எட்டிப் பார்ப்பான். எழும்போது வலது கால் பெரிய டிரம்மை அடிக்கிற மிதியிலிருந்து விலகிவிடும். பெரிய டிரம் ஒரு தட்டு விழாது. கையிரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும், கால் மட்டும் ஊமை. துண்டு தெரிந்தால் உட்காருகிற வேகத்தில் ஜோகெட்டை மிதிப்பான். அந்த ஊமைத் தட்டுதான் எங்களுக்கும் அடையாளம். அது வந்தால் விரலை விரித்து அடுத்த தாளத்துக்குத் தயாராக வேண்டும். என் கை இத்தனை வருஷம் கழித்துச் சாயாக்கடையில் செய்தது அதைத்தான். வேடிக்கை என்னவென்றால், சிரம்பான் குழு ஒன்று இதை ஏதோ புதுப் பாணி என்று நினைத்து, துண்டும் இல்லாமல் வாசலும் இல்லாமல், நாள் பார்த்துப் பயிற்சி செய்து காப்பியடித்தது.

மேடை என்று சொன்னேனே, எண்ணெய்ப் பீப்பாய்கள் மேல் பலகை. செல்லையா மிதிக்க மிதிக்கப் பெரிய டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். செங்கல் வைத்தோம், செங்கலும் சேர்ந்து நகர்ந்தது. அவன் மனைவி பார்வதி போர்டிக்சன் பக்கம் பேக்டரி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள், இரண்டாவது ஷிப்டு. அதனால் குமுதாவை அவன் கூடவே கூட்டி வருவான். எங்கே உட்கார வைப்பது? டிரம்முக்கு முன்னால், முதுகை அதன் மேல் சாய்த்து, காலை நீட்டி உட்கார வைத்தான். டிரம் நகரவில்லை. அவளும் நகரவில்லை. மடியில் ஒரு தட்டு முறுக்கு. எங்கள் பாய்ஸில் மிக ஒழுங்கான ஆள் அவள்தான் என்று நான் கேலி செய்வேன். அவள் வளர்ந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும்வரை எங்கள் கல்யாணங்கள் எல்லாவற்றையும் அந்தப் பெண் முதுகால் கேட்டாள்.

பிறகு அவள் கோலாலம்பூர் போனாள், பாடினாள். முதல் பாட்டை உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த ஒரு பிறந்தநாளில் போட்டுக் காட்டினாள். செல்லையா பாதியில், “இது என்னாலா பாட்டு? அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் பொறுக்கிக்கிட்டு வந்து கொட்டி வச்சிருக்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அப்பாவோடு பேச்சு இல்லை. எது என்றாலும் அம்மா மூலமாகத்தான். பேட்டிகளில் கேட்டால் போர்டிக்சன் கடலோரம் வளர்ந்தவள் என்பாள்.

“கடலாம் கடல்,” என்பான் செல்லையா. “பால் மரத்துக்கு நடுவுல பொறந்துட்டு.”

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டான். ஆனால் அவன் மனசில் கிடந்து அறுத்தது அந்தக் கடல் இல்லை. மகள் தன்னிடமிருந்து ஒன்றுமே எடுத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் வெளியே போய் வாங்கிக்கொண்டாள் என்று அவன் நம்பினான். அதை உறுதிப்படுத்திக்கொள்ளப் பயந்தே அவள் பாட்டு எதையும் கேட்காமல் இருந்தான். எனக்கு அவனை நினைத்தால் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அதனால்தான் போன வாரம் அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு லுக்குட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். டிரம் தின்று தீர்த்ததில் இடது காது அவனுக்குக் கேட்காது, வலது பரவாயில்லை. கைப்பேசியை வலது பக்கம் நீட்டினேன்.

“வேணாம்லா, எடுத்துட்டுப் போ.”

“கேளுங்களேன், காது தேஞ்சா போயிரும்?” என்றாள் பார்வதி அடுப்படியிலிருந்து.

கேட்டான். நெத்திலி ஊசிப்போயிருக்கிறதா என்று மோந்து பார்க்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். தமிழ் போனது, மலாய் வந்தது. அவன் முழங்கால் மெதுவாக ஆட ஆரம்பித்ததைப் பார்க்காத மாதிரி நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். அந்த இடம் வந்தது. செல்லையா நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்து, கழுத்தை நீட்டி, வாசலைப் பார்த்தான்.

வாசலில் கம்பிக் கதவும் எதிர்வீட்டுக் காரும்தான் இருந்தன.

“என்னா தேடுறீங்க?” என்றாள் பார்வதி.

அவன் உட்கார்ந்தான். பாட்டு முடிந்தது. பிறகு, “இன்னொரு வாட்டி போடு” என்றான். போட்டேன். இந்த முறை எழவில்லை, ஆனால் வலது பாதம் தரையை விட்டு ஒரு விரல் அளவு உயர்ந்தது.

“நான் தட்டு விடறது எனக்கே தெரியாதுடா,” என்றான். “நீ இதுவர சொன்னதே இல்ல.”

“வாசிச்ச எங்க எல்லாத்துக்கும் தெரியும்.”

“அவ முதுகுல கேட்டுருக்கா.” குனிந்து தன் காலைப் பார்த்தான். “இது தப்பு. தப்பப் போயி பாட்டுல வச்சிருக்கா பாரு.”

பார்வதியிடம் மகளுக்குப் போன் போடச் சொன்னான். அவள் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவனிடம் நீட்டினாள். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பில், “அந்த நடுவுல வர எடம் தப்பு. அங்க தட்டு விழணும். திருத்திக்க” என்றான்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“திருத்த மாட்டேன்ப்பா,” என்றாள் குமுதா.

“ஏன்?”

“அது ஒங்களுது.”

அவன் போனைப் பார்வதியிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனான். வெகுநேரம் குழாய் ஓடியது.

பத்திரிகைப் பெண்ணுக்கும் துண்டுக் கதையைச் சொன்னேன். “சூப்பர் அங்கிள்!” என்று சிரித்தாள். கட்டுரை வந்தது. ஜமைக்கா இருந்தது, பஞ்சாப் இருந்தது, மீனவர்களின் படகும் அலையில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசிப் பத்தியில் ‘தோட்டப்புற இசையின் சாயல்’ என்று மூன்று வார்த்தை. கோப்பரல் இல்லை, துண்டு இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லையே.

ஒன்பதாம் கட்டையில் ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டுகிறார்கள். மண்டபம் இருந்த இடத்தில் இப்போது பாதுகாவலர் கூண்டும் ஏறி இறங்குகிற தடுப்புக் கம்பியும். எங்கள் பெரிய டிரம்மின் தோலைக் கரையான் தின்றுவிட்டது. கோப்பரல் போய்விட்டார், வீராசாமி அண்ணனும் போய்விட்டார். இன்று கல்யாணங்களில் ஒரு பையன் மடிக்கணினியோடு வருகிறான், எந்தப் பாட்டையும் யாரும் எதிர்ப்பதில்லை, கோப்பரலை எழுப்பவும் தேவையில்லை. குமுதாவின் பாட்டு மட்டும் கடை கடையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நடுவில் ஒவ்வொரு முறையும் செல்லையா பாதி எழுந்து, வாசலில் துண்டு தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறான்.