வாங்கவிருந்த வீட்டுக்குச் சிவப்பு

பருவநிலை மாற்றத்தைப் பற்றி நாட்டின் மத்திய வங்கி கவலைப்படத் தொடங்கியதும், அந்தக் கவலை படிப்படியாக இறங்கி, தூத்துக்குடியில் எங்கள் வங்கிக் கிளையின் கடன் பிரிவில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. கவலைப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மேலாளர் சரியான ஆளிடம்தான் கொடுத்தார்.

மத்திய வங்கி ஆய்வாளர்களின் அறிக்கையும் கூடவே வந்தது. பொறுப்பாக முழுவதையும் படித்தேன். கடலோர நகரங்கள் வெள்ளத்தால் பாதிக்கப்படும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். போன வெள்ளத்தில் எங்கள் தெருக்களில் மீன்பிடிப் படகு ஓடி ஆட்களை ஏற்றிப் போனதைப் பார்த்தவளுக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது. என் வேலை, அடமானத்தில் உள்ள வீடுகளைத் தெருவாரியாகப் பிரித்து, வெள்ள அபாயத்துக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்து அனுப்புவது.

அப்போதுதான் நாங்களும் ஒரு வீடு பார்த்திருந்தோம். கணவர் வேலை பார்க்கும் துறைமுகத்துக்குப் பக்கம். விலையும் ஆச்சரியமாகக் குறைவு. எனக்குப் பிடித்தது வேறொன்று: கீழ்த்தளத்தில் எல்லா பிளக் பாயிண்டும் என் தோள் உயரத்தில் இருந்தன. எங்கள் இரண்டு வயது மகளுக்கு உலகத்தின் துளைகளெல்லாம் விரல் விடுவதற்காகவே படைக்கப்பட்டவை.

"சின்னப் பிள்ளையள நெனச்சு வச்சதா அண்ணாச்சி?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"பின்ன? பிள்ளையள் இருக்க வீடுல்லா!"

அவருடைய பிள்ளைகள் துபாயில் வேலை பார்ப்பதாகச் சற்று முன்புதான் சொல்லியிருந்தார். நல்ல தாய் என்ற பூரிப்பில் அது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் கிளையிலேயே கடனுக்கு விண்ணப்பித்தோம்.

வெள்ளம் எங்கே எவ்வளவு நின்றது என்று அலுவலகத்தில் யாரிடமும் விவரம் இல்லை. தெருத்தெருவாகப் போய்க் கேட்டேன். நாங்கள் பார்த்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, எங்கள் வங்கியில் கடன் வாங்கிய அக்கா ஒருவர் இருந்தார். அவர் வீட்டிலும் பிளக் பாயிண்ட் தோள் உயரத்தில்.

"பிள்ளையளுக்காகவா அக்கா?"

"நல்லாக் கேட்டிய போங்க! தண்ணி அம்புட்டுக்கு நின்னுச்சுல்லா. இந்தத் தெருவுல எல்லாரும் மேல தூக்கிட்டோம். நீங்க எந்தூரு மேடம்?"

தூத்துக்குடி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கணவரிடம் வீடு வேண்டாம் என்றேன். "ஊரு பூராவுந்தான் முங்குச்சு" என்றார். மேலாளர் இன்னும் தெளிவாக இருந்தார். "மஞ்சள் போடுங்க மேடம். சிவப்புன்னா மேலருந்து கேள்வி வரும். பச்சைன்னா ஆடிட்ல கேப்பான். மஞ்சள்னா ஒருத்தனும் கூப்பிட மாட்டான். ஒங்க லோனும் பாஸாயிரும்லா."

அந்தத் தெருவுக்கு மஞ்சள் போட்டேன். அழித்தேன். சிவப்பு போட்டேன். அக்காவின் வீடும் இனி விலை போகாதே என்று மறுபடி மஞ்சளுக்கு வந்தேன். என் தோள் உயரம் என்றால், என் மகளின் தலைக்கு மேல் இன்னொரு மகள் உட்காருமளவு தண்ணீர். சிவப்பை அனுப்பிவிட்டு, அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று பலமுறை பார்த்தேன்.

சில வாரங்களில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வெள்ள அபாயப் பகுதி என்பதால் எங்களுக்குக் கடன் இல்லை. ஆதாரமாக என் அறிக்கையையே காட்டியிருந்தார்கள்.

கணவர் இரண்டு முறை படித்தார். "பரவால்லயே ஏளா! ஒன் அறிக்கைய ஒரு ஆளு படிச்சிருக்கான்."

இப்போது வாடகைக்கு மாடி வீடு பார்க்கிறோம். படிக்கட்டுக் கம்பிகளின் இடைவெளியில் குழந்தையின் தலை நுழையுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கையை விட்டுப் பார்க்கிறேன்.