சிங்கிக்கு அடியில் விமலா

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விமலாவின் சமையலறையில் பாத்திரம் கழுவும் சிங்கி அடைத்துக்கொண்டது. பன்னிரண்டரைக்கெல்லாம் கோலா கங்சாரிலிருந்து நாத்தனார் குடும்பமும் அவளுடைய சம்பந்தி வீட்டாருமாகப் பதினைந்து பேர் சாப்பிட வருகிறார்கள். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. சிங்கியிலோ அரிசி கழுவிய தண்ணீர் விளிம்புவரை ஏறி, அதில் கத்தரிக்காய்க் காம்புகள் மிதக்கின்றன.

சாதாரணச் சிங்கி என்றால் கம்பியை விட்டுக் குத்தியிருப்பாள். இது குப்பை அரைக்கும் மெஷின் வைத்த சிங்கி. வீட்டை இவர்களுக்கு விற்றுவிட்டுப் பெர்த்திலிருக்கும் மகனோடு போய்ச் சேர்ந்த சீன வாத்தியார் விட்டுப்போனது. புந்தோங்கில் அந்த வரிசையில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. சிங்கித் துளைக்குக் கீழே பானை மாதிரி ஓர் உருண்டை. சுவிட்சைத் தட்டினால் காய்த்தோல், சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். இன்று சுவிட்சைத் தட்டியதும் ‘ம்ம்’ என்று உறுமியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அந்த உறுமலும் நின்றது.

பைப் வேலை பார்க்கும் ஐயாவுக்குப் போன் போட்டாள்.

“திங்கக்கிழமைதான் வரமுடியும்லா அக்கா. அந்த மெஷின நான் தொட்டதே இல்ல. கழட்டிப் போட்டுட்டு சாதா பைப் மாட்டிடலாம்” என்றார் அவர்.

வாசற்படியில் நின்ற கணவர் மகேந்திரனும் அதையே சொன்னார். “கழட்டிடலாம் விமலா. எதுக்கு இந்த வம்பு?”

“ஒண்ணும் கழட்ட வேணாம். நானே பாக்குறேன்” என்றாள் விமலா.

பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு ஈப்போவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வந்தவள், இருபத்திரண்டு வருடமாக அங்கே ஆபரேட்டர். மெஷின் நின்றால் டெக்னீஷியனைக் கூப்பிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஆபரேட்டர் கை வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அப்படி ஒதுங்கி நின்ற நேரமெல்லாம் அவர்கள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து, எந்தச் சத்தம் எந்த நோய் என்று அவளுக்கு அத்துபடி. உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. எதுவோ பல்லில் மாட்டியிருக்கிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு வாளியில் ஊற்றினாள். பிறகு பழைய துண்டை விரித்து, சிங்கிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். உருண்டையின் அடிவயிற்றில், சரியாக நடுவில், ஆறு மூலை வைத்த ஒரு குழி. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தொழிற்சாலையில் இதே மாதிரிக் குழியில் சாவி போட்டுத் திருப்புவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

“உங்க லோரி டூல்பாக்ஸ்ல ஆலன் கீ இருக்கா?”

மகேந்திரன் முழு செட்டையும் கொண்டுவந்து நீட்டினார். மூன்றாவது சாவி குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. வலப்பக்கம் திருப்பினாள், அசையவில்லை. இடப்பக்கம் அரை இஞ்ச் நகர்ந்தது. மறுபடி வலம், மறுபடி இடம். உள்ளே ‘கரக்’ என்றது.

பக்கத்து வீட்டு இர்ஃபானா வேலியருகே நின்றபடி என்ன சத்தம் என்று கேட்டவள், விஷயம் தெரிந்ததும் உள்ளேயே வந்துவிட்டாள்.

“மேலருந்து டார்ச் அடிச்சுப் பாரு இர்ஃபானா. கைய மட்டும் உள்ள விட்டுடாத.”

“அக்கா, வெள்ளையா ஒண்ணு ஓரத்துல நிக்குது. கல்லு மாதிரி இருக்கு.”

விமலா எழுந்து வந்து இடுக்கியை விட்டாள். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பிடி கிடைத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். வரிவரியாக முதுகு வைத்த, பாதி உடைந்த கெராங் சிப்பி.

புரட்டாசி பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் முட்டைகூட வாங்கவில்லை. இர்ஃபானா வாயைப் பொத்திக்கொண்டாள். மகேந்திரன் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

“எப்பங்க?” என்றாள் விமலா.

“வியாழக்கிழமை. நீ நைட் ஷிப்ட் போயிருந்த. என்கூட லோரி ஓட்டுற அர்ச்சுனன்தான் அவிச்சுக் கொண்டாந்தான். ஓடெல்லாம் பொறுக்கி வெளிய போட்டுட்டேன்னு நெனச்சேன்.”

வேறு நாளாக இருந்தால் அரைநாள் ஓடியிருக்கும் சண்டை. இன்று அவளுக்குக் கோபப்பட நேரமுமில்லை, மனமுமில்லை. சிப்பியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பிளக்கை மாட்டினாள். சுவிட்சைத் தட்டினாள்.

சத்தமே இல்லை. உறுமல்கூட இல்லை.

“போச்சுலா” என்றார் மகேந்திரன்.

“இருங்க. சூடானா தன்னால கட்டாயிடும். திரும்ப எழுப்பி விட ஒரு பட்டன் இருக்கணும்.”

மறுபடி படுத்து விரலால் தடவினாள். அடியில், குழிக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருந்தது. அழுத்தினாள். ‘டக்’.

“இப்ப தட்டுங்க.”

மெஷின் அலறிக்கொண்டு சுற்றியது. தலைக்குமேல் அது அதிர்ந்த அதிர்வு அவள் பல்வரைக்கும் வந்தது. படுத்தபடியே, “ஓடுது, ஓடுது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. இர்ஃபானா கீழே குனிந்து பார்த்து, “என்னக்கா, எண்ணெ தெறிச்சிருச்சா?” என்றாள்.

ஆனாலும் குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. இப்போது அவளை யாராலும் நிறுத்த முடியாது. மெஷினை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கி, வாளியை அடியில் வைத்து, வளைந்த பைப்பின் இரண்டு மரைகளையும் கையாலேயே கழற்றினாள். கறுத்த எண்ணெய்க் கசடும், அதில் திரித்த கயிறு போல வாழைத்தண்டு நாரும் சரிந்து விழுந்தன. நாற்றம் ஹால்வரைக்கும் போனது. வாழைத்தண்டு போட்டது அவள்தான். அதை அவளாகவே ஒப்புக்கொண்டாள். மகேந்திரனுக்கு மூச்சு வந்தது. பைப்பைக் கழுவி, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து மாட்டி, குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. பைப்பின் அடியில் வைத்துப் பார்த்த துணி ஈரமாகவில்லை.

மணி பதினொன்று. பொரியலும் அப்பளமும் பாக்கி. மகேந்திரன் கேட்காமலே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். விருந்தாளிகள் வந்தபோது விமலா தலைகுளித்துப் புதுச்சேலையில் இருந்தாள். ஆனால் இலை போட்டும் அவளால் உட்கார முடியவில்லை. நாத்தனார் தினேஸ்வரியைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சுவிட்சைத் தட்டிக் காட்டினாள். சம்பந்தியம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். கெராங் கதையை மட்டும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் சுரேனிடம் நேராகப் போய், டெக்னீஷியன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். வயது நாற்பத்தொன்று ஆயிற்றே என்று அவர் இழுத்தார். ஆயிற்றுதான், விண்ணப்பப் பாரத்தைக் கொடுங்கள் என்றாள். இரண்டு பரீட்சை. கணக்கில் முதல் தடவை தோற்று, மறுதடவை தேறினாள்.

மார்ச் மாதத்திலிருந்து டெக்னீஷியன் வேலை, சட்டை நிறமும் மாறிவிட்டது. முதல் வாரம் பழைய வரிசையிலேயே ஒரு மெஷின் நின்றது. விமலா போய்க் குனிந்தபோது, ஐந்தாறு ஆபரேட்டர் பெண்கள் பின்னால் கூடினார்கள். “தள்ளி நிக்காதீங்க, கிட்ட வந்து பாருங்க” என்றாள்.