டாக்டரம்மா அமுக்கிப் பார்த்த கால்

சின்ன காஞ்சிபுரத்து ஸ்கேன் டாக்டர் ஸுபத்ராவிடம் திட்டு வாங்காமல் ஒரு கர்ப்பிணி வெளியே வந்தால், அன்றைக்கு டாக்டருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அர்த்தம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னவர்கள் "ரெண்டே ரெண்டு இட்லிதாம்மா" என்று வந்து நிற்பார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னவர்கள், பொறுக்க முடியாமல் கழிப்பறைக்குப் போய்விட்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல முழிப்பார்கள். எல்லோருக்கும் அர்ச்சனை உண்டு.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்பது சட்டம். வாயால் சொல்லாவிட்டால் என்ன, டாக்டரின் முகத்திலேயே படித்துவிடலாம் என்று மாமியார்கள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பார்கள். அதனால்தான் எல்லோரிடமும் ஒரே மாதிரி சிடுசிடுப்பாக இருக்கப் பழகிக்கொண்டேன் என்பார் ஸுபத்ரா. கல்யாணத்தன்றே அந்த முகம்தான் என்பார் அவர் கணவர். ஆனால் வயிற்றில் தடவும் ஜெல் சில்லென்று பட்டு யாரும் திடுக்கிடக் கூடாதென்று, அந்தப் பாட்டிலை வெந்நீரில் போட்டு வைத்திருப்பவரும் அதே ஸுபத்ராதான். இப்படிப்பட்ட மனுஷியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

2003-ம் வருஷம், ஆவணி முகூர்த்தங்களுக்கு ஊரெல்லாம் தறிகள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சமயம், பிள்ளையார்பாளையத்திலிருந்து இளவரசி வந்தாள். பிரசவமாகி இரண்டாவது வாரம். அடிவயிறு வலிக்கிறது என்றதால், கருப்பையில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கணவன் முத்துக்குமார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றான்.

கருப்பை சுத்தமாக இருந்தது. "ஒண்ணுமில்லை, எழுந்துக்கோ" என்றார் ஸுபத்ரா. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு காலைக் கீழே தொங்கப்போட்டபோதுதான் கவனித்தார். வலது காலில் கொலுசு இருந்தது. இடது கால் வெறுமையாக இருந்தது.

"இன்னொரு கொலுசு எங்கேம்மா?"

"டைட்டா ஆயிடுச்சி டாக்டரம்மா. கழட்டி வெச்சிட்டேன்."

"ஏன் டைட்டாச்சு?"

"காலு வீங்கிக்கினு இருக்குதும்மா. நெறமாசம் வரைக்கும் தறியில குந்தினேன் இல்ல, அதான். இவரு டெய்லி எண்ணெ காய்ச்சி உருவி வுடறாரு. செரியாப் பூடும்."

பிள்ளையார்பாளையத்தில் கால் வீக்கத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. தறிக்குக் கீழே வெட்டிய குழிக்குள் காலை இறக்கி நாளெல்லாம் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தால் வீங்கத்தான் செய்யும். நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பாதத்திலிருந்து தொடை வரை அழுத்தி உருவிவிட்டால் வடிந்துவிடும். வீட்டுக்கு வீடு நடக்கிற வைத்தியம் அது, பெரும்பாலும் பலிக்கிற வைத்தியமும்கூட. ஆனால் தறி வீக்கம் இரண்டு காலிலும் வரும். இது ஒற்றைக் காலில் வந்திருந்தது, அதுவும் பிள்ளை பெற்றவளுக்கு.

ஸுபத்ரா ஸ்கேன் கருவியை மறுபடி கையில் எடுத்தார். "படும்மா. அசையாதே" என்றார்.

தொடை இடுக்கில் கருவியை வைத்தார். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. ஒன்று காலுக்கு ரத்தம் இறங்கும் குழாய். அது துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பது ரத்தம் மேலே திரும்பும் குழாய். கருவியால் லேசாக அமுக்கினாலே அது சப்பையாகி மூடிக்கொள்ள வேண்டும். அமுக்கினார். வட்டம் வட்டமாகவே நின்றது. முழங்காலுக்குப் பின்னாலும் அமுக்கிப் பார்த்தார். அங்கேயும் மூடவில்லை.

உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து மேலே ஓடி நுரையீரலை அடைத்தால், பேசிக்கொண்டிருப்பவள் அந்தப் பேச்சை முடிக்க மாட்டாள். அந்தக் காலைத்தான் தினமும் ஒருவன் கீழிருந்து மேலாக உருவிவிட்டிருக்கிறான்.

மாமியார்களிடம் பழகிய முகம் அன்றைக்குக் கைகொடுத்தது. இளவரசிக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "நீ இறங்கக் கூடாது, தூக்கிக்கிட்டுப் போவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் பொது மருத்துவர் காசிநாதனுக்குப் போன் செய்து, ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்தைத் தயாராக வைக்கச் சொன்னார். வெளியே வயிறு முட்டத் தண்ணீரோடு நெளிந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "எல்லாரும் பாத்ரூம் போயிட்டு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு மறுபடி குடிச்சிக்கலாம்" என்றார். அந்த அறையில் அப்படி ஒரு ஆனந்தத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

இளவரசியை நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். ஸுபத்ராவும் கூடவே ஏறிக்கொண்டார். ஸ்கேன் டாக்டருக்கு அங்கே வேலையில்லை, ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்திருந்தால் போதும். ஆனாலும் முதல் ஊசி ஏறுகிற வரை கட்டிலை விட்டு நகரவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் முத்துக்குமார் வழிமறித்தான். நர்ஸ்கள் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருந்தது.

"நாந்தாம்மா உருவி வுட்டேன். என் கையாலதான் அவளுக்கு இப்படி ஆச்சா?"

இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஸுபத்ராவுக்கு அது வராது. "ரத்தக் கட்டி உன்னால வரலப்பா. புள்ள பெத்தவங்களுக்கு வர்றதுண்டு. ஆனா உருவி விட்டது தப்பு. இனிமே அந்தக் கால்ல கை வைக்காதே" என்றார். ஊரையே திட்டுகிற அந்த வாய், அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

இளவரசி பிழைத்தாள். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளோடு வீட்டுக்குப் போனவள், கார்த்திகை முடியும் சமயம் மறுபடி ஸ்கேனுக்கு வந்தாள். ஸுபத்ரா முத்துக்குமாரையும் உள்ளே கூப்பிட்டார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான்.

"திரையைப் பாரு. அமுக்கறேன். மூடுதா?"

வட்டம் சுருங்கிக் கோடாகி மறைந்தது. கையை எடுத்ததும் மறுபடி விரிந்தது. முழங்காலுக்குப் பின்னாலும் அப்படியே. முத்துக்குமார் ஆமென்று தலையாட்டினான்.

"இவருக்கு நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் இளவரசி. "அன்னிலேந்து என்மேல கை பட்டாக்கூட நெருப்பைத் தொட்டாப்பல எகிறிப் போறாரு. தூரமா படுத்துக்கினு, நா மூச்சு வுடறேனான்னு பாத்துக்கினே இருக்கறாரு."

இது ஸுபத்ராவுக்குத் தெரியாது. கை வைக்காதே என்று சொன்னவர், எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. பஞ்சை எடுத்து இளவரசியிடம் நீட்டப் போனவர், கையைத் திருப்பி அவனிடம் நீட்டினார்.

"இந்தா. கால்ல இருக்கற ஜெல்லைத் துடைச்சு விடு."

அவன் நகரவில்லை. "எத்தனை பேர் வெளியில தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்காங்க தெரியுமா?" என்று அதட்டினார். வந்து வாங்கிக்கொண்டான். விழுந்த பூவை எடுப்பது போல முழங்காலருகே ஒற்றி ஒற்றி எடுத்தான். ஜெல் அப்படியே இருந்தது.

"அழுத்தித் துடைப்பா" என்றார் ஸுபத்ரா. "ஒண்ணும் ஆகாது."