வாப்பாவின் கடல் புத்திமதி

கடலைப் பற்றி எங்கள் வாப்பாவுக்குத் தெரியாத எதுவும் இல்லை என்று எண்பதுகளின் தொடக்கம் வரைக்கும் நான் நம்பியிருந்தேன். வாப்பா கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எல்லாம் படித்து முடித்தவர் போலத்தான் அவர் பேசுவார்.

ஒரு ஆகஸ்ட் லீவுக்கு மாத்தளையிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் அங்கே படிப்பிக்கப் போய், அந்த ஊரிலேயே கலியாணமும் முடித்திருந்தார். அவரும் மதினியும், கூடவே மதினியின் உம்மாவும் வந்து இறங்கினார்கள். மாமி என்று நான் கூப்பிட்ட அந்த மனுஷி மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கடலைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. பெட்டியைக் கீழே வைக்க முன்னமே, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இந்தக் கடலப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் வாப்பா. "இஞ்ச தோணியும் வலையும்தான் கிடக்கும். அறுகம்பைக்குப் போவம். அதுதான் கடல்!"

வாடகைக்கு வான் வண்டி ஒன்று பேசியாயிற்று. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், வாப்பா எங்களை எல்லாம் கூட்டி வைத்துப் புத்திமதி சொன்னார். விடிய சுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட வேண்டும். குடை கட்டாயம். செருப்பில்லாமல் மணலில் இறங்கினால் பாதம் வெந்துவிடும். அலைக்கு முதுகு காட்டி நிற்கப்படாது. சாப்பாட்டைக் கடலைப் பார்த்தபடி, காற்றாட இருந்து சாப்பிட வேண்டும். பலகையில் ஏறி அலை மேல் நிற்கும் வெள்ளைக்காரர் அங்கே இருப்பார்கள், அவர்களைப் பார்க்கப்படாது.

"ஏன் நானா, கடிப்பாங்களா?" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்து மாமி கேட்டார்.

"உடம்புக்கு உடுப்பு காணாது," என்றார் வாப்பா. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

மறுநாள் திருக்கோவில், பொத்துவில் எல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வளைந்து கிடந்த கரையையும் நீலத்தையும் கண்ட மாமி, "சுப்ஹானல்லாஹ்!" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அந்த நேரம் பார்த்து வாப்பா குடையை விரித்தார். காற்று அதைப் புனல் மாதிரி மேலே மடித்துப் பறித்துக்கொண்டு போனது. காக்கா பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தபோது, கம்பிகளும் கொஞ்சம் கறுப்புத் துணியும்தான் மிச்சம்.

அடுத்தது சாப்பாடு. வாப்பா சொன்னபடியே கடலைப் பார்த்துப் பாய் விரித்து, நடுவில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹனை வைத்து, நெய்ச்சோற்றையும் கோழி ஆணத்தையும் போட்டோம். பிஸ்மி சொல்லி முதல் பிடியை வாயில் வைத்தோம். எல்லார் வாயிலும் கறுக் கறுக் என்று மணல். விருந்தாளி என்பதால் மாமி மென்று விழுங்கினார். "ருசியாத்தான் இருக்கு," என்றவரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிச்சச் சோற்றைத் தூக்கிக்கொண்டு தென்னைகளுக்குப் பின்னால் வான் மறைவுக்குப் போய்ச் சாப்பிட்டோம். கடற்கரைக்குப் போகிற யாருக்கும் இன்றைக்கும் நான் சொல்வது அதுதான்: கடலைப் பிறகு பாருங்கள், சோற்றைக் காற்றுப்படாத இடத்தில் சாப்பிடுங்கள்.

சாப்பிட்டதும் வாப்பா செருப்பைக் கழற்றி ஈர மணலின் ஓரத்தில் வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, அலை எப்படி வரும் என்று விளக்கத் தொடங்கினார். முதுகு கடலுக்கு. வந்த அலை அவர் உடுத்திருந்த சாரத்தை முழங்கால் வரை நனைத்து, செருப்பு இரண்டையும் கொண்டு போனது.

மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நானா, நீங்க கடைசியா எப்ப கடல்ல குளிச்சீங்க?" என்று கேட்டார்.

வாப்பா குனிந்து சாரத்தைப் பிழியத் தொடங்கினார். பதில் உம்மாவிடமிருந்து வந்தது. "இவரா? இவர் ஒரு நாளும் இறங்கினதில்ல. உடம்பெல்லாம் உப்பாகுமாம்!"

"அப்ப நீங்க?"

"நானும் இல்லதான்," என்றார் உம்மா, குரலைத் தாழ்த்தி. "பொம்புளைகள் எங்க இறங்கிற?"

மாமி சுற்றிப் பார்த்தார். கரையின் ஒரு மூலையில் தோணிகளை இழுத்து விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அலை அடங்கிக் கிடந்தது, ஆட்களும் இல்லை. "வாங்க," என்று உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, ஒண்ணா, ஏலாது! விடுங்க!" என்று கத்தியபடியே உம்மா போனார். நானும் மதினியும் பின்னால் ஓடினோம். முழங்காலளவு தண்ணீரில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சின்ன அலைதான் வந்தது. இரண்டு பேரையும் அலுங்காமல் இருத்திவிட்டுப் போனது. குந்தியபடி கழுத்தளவு தண்ணீரில் இருந்துகொண்டு உம்மா சிரித்த சிரிப்பை அதற்கு முதல் நான் வீட்டில் கேட்டதேயில்லை. எழுப்பிவிடப் போன என்னையும் இழுத்து விழுத்தினார்கள். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வரை ஒருவரும் கரையேறவில்லை. வாப்பா வெறுங்காலோடு தென்னை நிழலில் நின்று, "தூரப் போகாதீங்க! தூரப் போகாதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தோம்.

கரையேறிய பிறகுதான் விளங்கியது, மாற்று உடுப்பு ஒருவரிடமும் இல்லை. வாப்பாவின் புத்திமதியில் அது வரவேயில்லை. சாரியெல்லாம் உடம்போடு ஒட்டி, மணலும் உப்பும் அரிக்க, எப்படி வானில் ஏறுவது? காக்கா போய்க் கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் விசாரித்தார். அந்த வீட்டுப் பொம்புளை கிணற்றடியைக் காட்டிவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னகா, கடல்ல விழுந்திட்டீங்களா?"

"விழல்லகா. இறங்கினம்," என்றார் உம்மா, தலையை நிமிர்த்தி.

அந்த மனுஷி தன் அலுமாரியைத் திறந்து உலர்ந்த உடுப்பு எடுத்துத் தந்து, பிளேன்டீயும் ஊற்றித் தந்தார். அந்த உடுப்புகளைக் கழுவி மடித்துத் திருப்பி அனுப்பியபோது, வாப்பா கடையிலிருந்து ஒரு நல்ல சாரியையும் அதோடு வைத்தார்.

மாமி ஊருக்குத் திரும்பிய பிறகு, உம்மா பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். சுபஹுக்குப் பிறகு, கரைவலைக்காரர் வரமுதல், எங்கள் ஊர்க் கடலிலேயே நனைந்துவிட்டு வருவார்கள். வீடெல்லாம் மணல் என்று வாப்பா புறுபுறுத்துக்கொண்டு திரிந்தார். கூட்டிப் பெருக்கியது நான்தான்.