தலையாட்டினால் கேட்கிறது என்று அர்த்தமில்லை

காது கேட்கும் மெசின் விற்கிற கடையில் வாயைவிடத் தலைதான் அதிகம் கதைக்கும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட அப்படி ஒரு கடையில், காது பரிசோதித்து மெசின் பூட்டிவிடுவது என் வேலை. ஆசிரியர்களே, கோப்புக் கட்டோடு இருக்கும் கந்தோர்க்காரரே, கவுண்டருக்குப் பின்னால் நின்று "விளங்குதோ?" என்று கேட்டு, வந்த தலையாட்டலை நம்பி ஏமாந்த சகல சீவன்களே, என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

நீலத் தாள்

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்கு முதல் ஒரு மருந்துக்கடையிலும் ஒரு புடவைக்கடையிலும் "நாளைக்கு வரவேண்டாம்" கேட்டாயிற்று. வீட்டில் உழைக்கிறவள் நான் ஒருத்திதான். இதுவும் போனால் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயத்தோடுதான் தினமும் மினிபஸ் ஏறுவேன்.

கொடிகாமத்திலிருந்து ஒரு தோட்டக்கார ஐயா வந்தார். மெசினைப் பூட்டிவிட்டு, "கேக்குதோ ஐயா?" என்றேன். முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார். "சத்தம் போதுமோ?" என்றேன். அதற்கும் ஆட்டினார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தேன்.

ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமை, ஐயா திரும்பி வந்தார். குறை சொல்ல வரவில்லை. "என்ரை காதுதான் மோசம் போலை, ஒருக்காப் பாருங்கோ" என்றார். மெசினைத் திறந்தேன். புதுப் பற்றரியில் ஒரு சின்ன நீலத் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்தால்தான் பற்றரி வேலை செய்யும். நான் உரிக்கவே இல்லை! ஒரு கிழமையாக மனிதர் செத்த மெசினைக் காதில் கொளுவிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவசர அவசரமாகத் தாளை உரித்து, மெசினைத் திரும்பப் பூட்டிவிட்டு, "அப்ப ஏன் ஐயா அண்டைக்குத் தலையாட்டினனீங்கள்?" என்று கேட்டேன்.

"கேக்கேல்லை எண்டால் உங்களுக்கு மனம் நோகும் எண்டு பாத்தன், பிள்ளை."

ஆரிலை பிழை?

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே இருந்து வந்தார். வாங்கிப்போன ஆள் ஒரு கிழமையில் திரும்பி வந்து நின்றால் அவருக்குக் கோபம் சுர்ரென்று ஏறும். "என்ன ஐயா, மெசினிலை பிழையோ, பிள்ளையிலை பிழையோ?" என்று பெரிய குரலில் கேட்டார். ஐயாவின் தலை ஆடுகிற ஆட்டத்தில்தான் என் சோறு இருந்தது. வழக்கம்போல் ஒரு ஆட்டு ஆட்டினால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஐயா என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். தலை அசையவில்லை. "பிழை என்னிலைதான். பிள்ளை வடிவாத்தான் பூட்டிவிட்டவ. நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டு இருந்திட்டன்" என்றார். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு முறை மெல்லத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. ஐயாவின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. அவரோ காதைத் தடவிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"முதலாளியின்ரை சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுவிடேலாதோ, பிள்ளை?"

தலைக்கு எட்டாத கேள்வி

அன்றிலிருந்து நான் தலைகளைப் படிக்கத் தொடங்கினேன். கடகடவென்று மேலும் கீழும் ஆடினால் ஒன்றும் கேட்கவில்லை. பக்கவாட்டில் மெல்ல ஆடினால் கேட்கிறது, ஆனால் ஆள் இன்னும் யோசிக்கிறார். ஒரு பக்கம் ஒரு முறை சாய்ந்தால் "வாறன்" என்று வெளிக்கிடப் போகிறார், இனி இந்தப் பக்கம் வரமாட்டார். கண் என் உதட்டில் நிற்க முகம் சிரித்தால், அவர் கொடிகாமத்து ஐயாவின் ரகம்.

"கேக்குதோ?" என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. தலையால் பதில் சொல்ல முடியாத கேள்வியாகத்தான் கேட்பேன். குருநகரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு மெசினைப் பூட்டிவிட்டு, அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று, "நேற்று வீட்டிலை என்ன கறி?" என்றேன். பட்டென்று வந்தது பதில்.

"கடலுக்குப் போறவன்ரை வீட்டிலை இதென்ன கேள்வி பிள்ளை!"

கட்டைவிரல்

நான் நிரந்தரமாகி வருசங்கள் ஓடிவிட்டன. புதிதாக வருகிற பெண்பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் பழக்குகிறேன். முதலில் காட்டுவது அந்த நீலத் தாளைத்தான். கொடிகாமத்து ஐயாவும் இடைக்கிடை வந்துபோவார், கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு.

போன கிழமை அவர் வந்து போனபிறகு, முதலாளியும் நானும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பல்லிடுக்கில் சிக்கிய கத்தரிக்காய் விதை போல இந்தக் கதை இத்தனை நாளும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "அண்டைக்கு ஐயா சொன்னது பொய் முதலாளி, பிழை என்னிலைதான்" என்று சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். அவர் ஆற அமரக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. உரிச்ச நீலத் தாள் உம்மடை கட்டைவிரலிலை ஒட்டிக்கொண்டு நிண்டது."

கேட்காமல் ஆடிய ஒரு தலை என் வேலைக்கு வைத்த உலையை, எல்லாம் தெரிந்தே ஆடிய இன்னொரு தலை இறக்கி வைத்ததால்தான், கண்டவர் தலையை எல்லாம் சந்தேகப்படுவதற்கு எனக்கு இன்றைக்கும் மாதச் சம்பளம் கிடைக்கிறது.