ஆட்டைப் பார்க்க வந்த அக்கா

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், கற்பிட்டிப் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில் நடந்தது இது. எனக்கு முதல் பிள்ளை பிறந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு ஆடும் முதன்முறையாகக் குட்டி ஈன்றது. ஆனால் குட்டியைக் கிட்ட எடுக்கவேயில்லை. பால் குடிக்கப் போனால் முட்டித் தள்ளியது. குட்டி துவண்டு போக, பக்கத்துத் தோட்டத்துக்கு மாடு பார்க்க வந்திருந்த மிருக வைத்தியரை, என் கணவரின் தாயான மாமி ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

அவர் உடப்பைச் சேர்ந்த ஒரு பெண். கையுறை போட்டு, ஆட்டின் பிறப்புவழியைச் சில நிமிடங்கள் மெதுவாக அழுத்திக் கொடுத்தார். பிறகு குட்டியை அதன் மூக்கடியில் விட்டார். ஆடு முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மோந்து பார்த்தது, நக்கத் தொடங்கியது. குட்டி மடியைப் பிடித்தபோது அசையாமல் நின்றது.

மாமி வாயில் கைவைத்தார். “என்ன மிஸ், மந்திரமா?”

“மந்திரம் இல்ல உம்மா. மூளைக்குள்ள ஒட்சிற்றோசின் எண்டு ஒரு ஓமோன் ஊறும். அதப் பிடிச்சுக்கொள்ளுற இடங்களும் மூளையிலயே இருக்கு. அங்க போய்ச் சேர்ந்தாத்தான் இது என்ர குட்டி எண்டு ஆட்டுக்குப் படும். இன்னொருக்கா ஈன்ற மாதிரி மூளைக்குத் தெரியட்டும் எண்டுதான் அழுத்தினேன்.”

உள்ளே என் மகள் அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கும்போதெல்லாம் யாருடைய பிள்ளையையோ தூக்குவதுபோல இருந்ததை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று வாய்விட்டுச் சொன்னேன். “நானும் இந்த ஆடு மாதிரித்தான் டொக்டர்.”

மாமி திகைத்துப் போனார். வைத்தியர் கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்க ஆடு இல்ல தங்கச்சி. மனுசருக்கு ஓமோன் மட்டும் இல்ல, நித்திரை, பயம், தனிமை எல்லாம் சேரும். இது பிள்ளை பெத்த சிலருக்கு வாற ஒரு நோய், வருத்தம். உங்கட பிழை இல்ல. சுகமாக்கலாம்.”

தன் வாகனத்திலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் சொல்லத் தடுமாறியதை, உள்ளே வந்து அங்கிருந்த டொக்டரிடம் அவரே எடுத்துச் சொன்னார். புறப்படும்போது மாமியிடம், “ராவில பிள்ளைய நீங்க பாருங்க, இவ நித்திரை கொள்ளட்டும்” என்றார். மாமி அன்றிலிருந்து அப்படியே செய்தார்.

உடனே ஒன்றும் மாறவில்லை. மருந்தும் நித்திரையுமாக நாட்கள் போயின. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் மகளைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைவரை போக, நான் என்னையறியாமல் பின்னாலேயே ஓடினேன். அதைப் பார்த்து நின்ற மாமி, “அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வைத்தியர் பிறகு இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஆனாலும் தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, ‘ஆட்டைப் பார்க்க வந்த அந்த அக்கா’ என்றாலே அல்லாஹ்வுக்கு விளங்கும் என்று நினைத்து, இன்றும் அவருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.